கோழிகள் குளித்த சாம்பல்

நிவாரா, மிச்சிகன்
அக்டோபர் 14, 1997

அன்புள்ள கைசா அக்காவுக்கு,

உன் தங்கை மார்யா எழுதுவது. இங்கே அப்பா, என் வீட்டுக்காரர் ஆர்னி, குழந்தை ஈரோ எல்லோரும் நலம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. நீயாவது அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஞாயிற்றுக்கிழமை நாம் பேசிக்கொண்டிருந்தபோது லைன் அறுந்துபோகவில்லை. நான்தான் போனை வைத்தேன். மறுபடி மணி அடித்தது, நீதான் என்று தெரிந்தும் எடுக்கவில்லை. இப்போதும் உன் குரலைக் கேட்டால் ஒன்று கத்திவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். காகித மில்லின் புகை விழுகிற வீடுகளில் முட்டை வாங்கிச் சோதித்தாய். அவற்றோடு ஒப்பிடச் சுத்தமான முட்டை வேண்டும் என்று கோடையில் நம் வீட்டு முட்டைகளை நீயே துணி சுற்றி எடுத்துக்கொண்டு போனாய். மில்லிலிருந்து இவ்வளவு தூரம், சுற்றிலும் காடு, இதைவிடச் சுத்தம் எங்கே கிடைக்கும் என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் கோழிகள் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கின்றன என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லித் தொலைத்தேன். இப்போது எல்லா முட்டையிலும் மோசம் நம் முட்டைதான் என்கிறாய். எங்கோ மாறிப்போயிருக்கும் என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாயாம், மாறவே இல்லையாம்.

"மார்யா, அந்தச் சாம்பல இன்னமும் கோழிக்குப் போடுறீங்களா?" என்று நீ கேட்டபோது எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. போடாமல் என்ன செய்வார்கள்? குப்பை வண்டி நம் ரோட்டுக்கு வராது. ரொட்டிப் பை, ப்ளீச் பாட்டில், தீவன மூட்டை, போன வருஷம் ஆர்னி வீட்டுச் சுவருக்கு அடித்ததில் மிஞ்சிய பிளாஸ்டிக் பலகை எல்லாமே கொல்லையில் இருக்கிற அந்தத் துருப்பிடித்த பீப்பாயில்தான் எரிகிறது. சாம்பலைக் கூட்டில் கொட்டினால் கோழிகள் அதில் புரண்டு புரண்டு குளிக்கும், பேன் அண்டாது. பள்ளிக்கூடம் கிளம்பும் முன் அதை அள்ளிக் கொட்டுவது உன் வேலைதானே. நீ மாடிசனுக்குப் படிக்கப் போன பிறகுதான் அது என் தலையில் விழுந்தது.

இருபது வருஷமாக நீ படிப்பது, பாடம் சொல்வது, கூட்டங்களில் பேசுவது எல்லாம் அந்த மில் புகையில் வருகிற இந்த ஒரு விஷத்தைப் பற்றித்தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு நம் சமையலறை விளக்கைப் போட்டு அணைத்துக் காட்டி எனக்கு விளக்கினாய். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஜீன்கள் இருக்கின்றன, எது எப்போது வேலை செய்யவேண்டும், எது சும்மா இருக்கவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு உண்டு, இது உள்ளே போய் அணைந்திருக்கவேண்டிய ஸ்விட்சைப் போட்டுவிட்டு அணைக்கவிடாமல் உட்கார்ந்துகொள்கிறது என்றாய். பிளாஸ்டிக்கைக் கொளுத்தினாலும் அதே விஷம் வரும் என்பது உனக்குத் தெரியாததல்ல. பிறகு ஏன் தோன்றவில்லை என்று கேட்டேன். "அது என் கண்ணுக்குப் பீப்பாயாத் தெரியலடி. நம்ம வீடாத்தான் தெரிஞ்சுது" என்றாய். அந்த வார்த்தைக்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அப்பாவிடம் சொன்னேன். காப்பிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நாப்பது வருஷமாக் கொளுத்துறேன், ஒரு கோழி செத்திருக்கா? அவள மில்லுக்காரன் சரிக்கட்டிட்டான் போல, இப்ப நம்ம வீட்டுப் பக்கம் திரும்பிட்டா" என்றார். அவர் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதே. அன்று சாயங்காலம் சவுனா நீராவி அறையில் வெந்நீரை மேலே ஊற்றிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து, "கைசா சின்னதுல முட்டைன்னா உசிர விடுவா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

ஆர்னி முதலில் சிரித்தார். "உங்க அக்கா ஒரு வேளை ஸ்பூன மாத்திப் போட்டிருப்பா" என்றார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் எழுந்து கொல்லைக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பீப்பாய்க்கு எதிரில் நின்றுகொண்டு, தொடப் பயந்தவர்போல் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். இப்போது அதன் வாயைத் தகரம் போட்டு மூடிவிட்டோம். இனி எரிக்க மாட்டோம். கோழிகளை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. தின்னவும் கூடாது, விற்கவும் கூடாது என்கிறாய். அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கின்றன.

பாஸ்டர் மனைவி லிடியா வழக்கம்போல் முட்டைக்கு வந்தாள். கோழிகள் இப்போது போடுவதில்லை என்று பொய் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, கூட்டில் ஒன்று கொக்கரிக்க ஆரம்பித்தது. "ஏம்மா, போடலங்கிற, அங்க ஒருத்தி ஊரையே கூட்டுறாளே" என்று லிடியா சிரித்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "மில்ல எதுத்துப் பேசினப்போ ஒங்க அக்காவுக்குக் கைதட்டினவடி நான். பேரப்பிள்ளைங்களுக்கு மில் பக்கத்து முட்டை வேணாம்னு சொல்லி, ஒன் வீட்டு முட்டையத்தானே கொடுத்தேன்" என்றாள். முட்டை வைக்கக் கொண்டுவந்த காலி அட்டையை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அவள் வீட்டிலும் பின்பக்கம் ஒரு பீப்பாய் இருக்கிறது. அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எல்லோருடைய ரத்தமும் வேண்டும் என்றாய். அப்பா, ஆர்னி, நான் மூவரும் கொடுக்கிறோம். உன்னுடையதைப் பார்த்துவிட்டாயா, அக்கா? நீயும் இதே மேசையில் உட்கார்ந்து தின்றவள்தான். பார்த்திருந்தால் எனக்குச் சொல்லாமல் இருக்காதே.

இனி நான் போனை வைத்த காரணத்துக்கு வருகிறேன். கர்ப்பமாக இருந்தபோது வாய்க்கு வேறு எதுவும் பிடிக்காமல் முட்டையாகவே தின்றேன், உனக்குத் தெரியும். அந்த விஷம் கொழுப்பில் தங்கும், பாலில் இறங்கும் என்று நீதான் எப்போதோ சொல்லியிருக்கிறாய். அப்படியானால் ஈரோவுக்கு நான் கொடுக்கிற பால் என்று கேட்டேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. உன் பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எதைக் கேட்டாலும் மணிக்கணக்கில் விளக்குகிறவள் நீ. டப்பாப் பால் வாங்காதே, தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் கிடையாது என்று அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் என்னோடு சண்டை போட்டுச் சொன்னவளும் நீதான். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை டப்பாப் பால் வாங்கிக் கலக்கிக் கொடுத்தேன். துப்பிவிட்டான். அழுது அழுது முகம் சிவந்து, சட்டையைப் பிடித்து இழுத்து என் மார்பில் முட்டினான். எனக்கும் பால் கட்டி வலி உயிர் போனது. கொடுத்துவிட்டேன். குடிக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளை சிரிக்கும்போது பெற்றவள் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்றால் என்னவென்று உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அதனால் ஆராய்ச்சிக்காரியாக எனக்குப் பதில் எழுதாதே. அளவு, சராசரி எதுவும் வேண்டாம். என் அக்காவாக ஒரே வார்த்தை எழுது. கொடு என்றால் கொடுக்கிறேன், நிறுத்து என்றால் அவன் எவ்வளவு அழுதாலும் நிறுத்துகிறேன். உனக்கே தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றாவது எழுது. சும்மா மட்டும் இருந்துவிடாதே. கடவுள் உனக்கு நல்ல வார்த்தையைக் கொடுக்கட்டும்.

இதோ, விழித்துவிட்டான். உன் பதில் வரும்வரை நான் கொடுத்துக்கொண்டுதான் இருப்பேன், அக்கா.

என்றும் உன் அன்புத் தங்கை,
மார்யா