இருநூற்றுப் பதினெட்டு மீட்டர்

சங்கரன்கோவில்
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஷெர்லிக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிரிலும் நைட் டியூட்டியிலும் கர்த்தர் உன்னைச் சளி காய்ச்சல் அண்டாமல் காப்பாராக. இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், ஏற்கெனவே ஒரு பொய் எழுதித்தான் இந்த நிலைமை. அம்மா மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை, தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நான் சொல்லச் சொல்ல டைப் அடித்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்புவதாக உன் தம்பி எஸ்ரா சொன்னான், வேண்டாம் என்றுவிட்டேன்.

குருவிகுளம் போகிற வழியில் இருக்கிற கல்குவாரியில் வெடி போட்டபோது கல் தெறித்து, வீட்டு முன்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பூமாரி என்ற பெண் செத்துப்போனதை எஸ்ரா உனக்குச் சொல்லியிருக்கிறான். முப்பத்தோரு வயது, மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்பிள்ளைக்குத் தாய். குவாரிக்காரன் ஒரு வரைபடத்தைக் காட்டுகிறான். குழிக்கும் வீடுகளுக்கும் 342 மீட்டர், சட்டப்படி முந்நூறு இருந்தாலே போதும், அவ்வளவு தூரத்துக்குக் கல் போகாது, அந்தப் பொம்பளைதான் ஆட்டைப் பத்திக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் வந்திருக்கிறாள் என்று சாதிக்கிறான். அந்த வரைபடத்தில் இருப்பது ரிட்டயர் ஆவதற்கு முன்னால் சர்வேயராக நான் போட்ட கையெழுத்து. நாளைக்கு விசாரணை, என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போன வாரம் நீ போனில் அழுதாய், “ரிட்டயர் ஆயாச்சுல்லா, ஏம்ப்பா வம்பு, கேட்டா ஞாபகம் இல்லன்னு சொல்லிருங்க” என்றாய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அதுதான் கஷ்டம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் அளக்கப் போன அன்று, குழிக்கும் வீடுகளுக்கும் நடுவில் குளம் நிறைந்து கிடந்தது. டேப் பிடிக்க வழியில்லை. தூரம் அளக்க ஆபீசில் இருந்த ஒரே மிஷின் ராயகிரிக்குப் போயிருந்தது, வியாழக்கிழமைதான் திரும்பும். மிஷின் இல்லாவிட்டால் என்ன, கரையில் ஒரு முக்கோணம் போட்டு, எட்டுகிற பக்கத்தை மட்டும் அளந்து, தண்ணீருக்குக் குறுக்கே எவ்வளவு என்று கணக்கில் கொண்டுவந்துவிடலாம். முப்பது வருஷமாகச் செய்ததுதான், ஒரு மணி நேர வேலை. செய்யவில்லை. ரோடு அளக்கிற சக்கரத்தைக் கூலிக்கு வந்த ஆளிடம் கொடுத்து, குளத்துக் கரை வழியாகச் சுற்றித் தள்ளச் சொன்னேன், 342 காட்டியது, எழுதிவிட்டேன். நேர்தூரம்தான் கேட்டிருந்தார்கள். தெரிந்துதான் எழுதினேன். ஒருவனிடமும் காசு வாங்கவில்லை, வாங்கியிருந்தால் அதையாவது ஒரு காரணமாகச் சொல்லலாம். அன்றுதான் நீ ஊரைவிட்டுப் போன நாள், உன்னை ரயில் ஏற்றிவிட நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரம். இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ ஒன்றும் அறியாதவள் அம்மா, அவசரம் என்னுடையது. ரயில் கூட அன்றைக்கு நாற்பது நிமிஷம் லேட். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வடை தின்றோமே, ஞாபகம் இருக்கிறதா?

இன்று ஆராதனை முடிந்ததும் என்னுடைய முப்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். குளம் இப்போது காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, நேராக நடக்கலாம். பூமாரியின் புருஷன் பிச்சையா, நான் யார் என்று கூடக் கேட்காமல் மறுமுனையைப் பிடித்தான். ஏழு டேப், மேலே எட்டு மீட்டர். மொத்தம் 218. டேப்பைத் தொய்யவிடாமல், நான் சொல்லுமுன்பே இழுத்து ஒரே மட்டமாகப் பிடித்தான், யாரப்பா சொல்லித் தந்தது என்று கேட்டேன். “நீங்கதான் சார். அன்னைக்கு மத்த பக்கமெல்லாம் டேப் பிடிச்சதும் சக்கரம் தள்ளுனதும் நான்தான. இது சுத்து வழி சார், இங்கன நின்னு கூப்பிட்டா எங்க வீட்ல கேக்கும்னு சொன்னேன்லா, ரயிலுக்கு நேரமாச்சு வே, தள்ளுன்னு சொன்னீய” என்றான். கோபமாகச் சொல்லவில்லை ஷெர்லி. கூலிக்கு வந்த ஆளின் முகத்தை நான் மறந்துபோயிருந்தேன், அவன் என்னை மறக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, என் கையெழுத்துப் பொய் என்று நாளைக்கு எல்லார் முன்னாலும் சொல்லுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவன் குழி ஓரத்தில் நின்றபடி வீட்டைப் பார்த்து, “ஏட்டி அனு” என்று கூப்பிட்டான். “என்னப்பா” என்று வீட்டிலிருந்து அவன் மகள் குரல் வந்தது. தொண்டை கிழியக் கத்தவில்லை, அடுத்த வீட்டிலிருந்து பதில் சொல்லுகிற மாதிரிதான் என் காதில் விழுந்தது.

பென்ஷனில் கை வைப்பார்கள், கேஸும் போடலாம். வந்தால் வரட்டும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடு, டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை விட்டுவிடாதே. அம்மாவிடம் தினமும் பேசு, என்னைத் திட்டினால் திட்டட்டும் என்று விட்டுவிடு. இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் நாளைக்குப் போகமாட்டேன். அதனால்தான் தபாலில் போடுகிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அப்பா,
மாணிக்கராஜ்