கேஸ் முடியும் வரை

குருவிநத்தம்,
20.01.2025

அன்புள்ள மாமாவுக்கு,

குமாரி எழுதுவது. இங்கே நானும் குழந்தை சிந்துவும் சுகம். உங்கள் அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

முத்துக்குமரன் எல்லாம் சொல்லிவிட்டான். அக்காவிடம் மறைக்க அவனால் முடியவில்லை, திட்டாதீர்கள். "மாமாவுக்கு அமெரிக்காவுல கேஸு, அக்கா. கேஸு முடியற வரைக்கும் ஊருக்கு வர முடியாதாம். இன்னா கேஸுன்னு கேட்டா, சொன்னா ஒனக்குப் புரியாதுடான்னுட்டாரு" என்று மென்று விழுங்கினான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. போனில் பேசினால் போலீஸ் ஒட்டுக்கேட்கும் என்றும் சொன்னான். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

மூன்று பொங்கலுக்கு வராத மனுஷன் மேல் மலையளவு கோபம் வைத்திருந்தேன். அதெல்லாம் போய்விட்டது. வில்லியனூர் மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றி, கேஸ் சீக்கிரம் முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என்ன தப்பு நடந்திருந்தாலும் நான் உங்கள் பக்கம்தான்.

கரும்பு வெட்ட ஆள் கிடைக்காமல் அலைகிறேன். மில்லிலிருந்து லாரி எப்போது வரும் என்றும் தெரியவில்லை. உடம்பு அசந்து போகிறது. ஆனாலும் மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருக்கிறது. வர முடியாமல்தானே வராமல் இருக்கிறீர்கள்.

பயப்படாமல் பதில் போடுங்கள்.

உங்கள்
குமாரி

டெட்ராய்ட்,
11.02.2025

அன்புக் குமாரிக்கு,

உன் கடிதத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். உன் தம்பியை என்ன சொல்வது! கோர்ட்டு கேஸ் இல்லையடி. கேஸ் டர்பைன். நான் வேலை பார்க்கும் காரின் இன்ஜினுக்கு அதுதான் பேர். அடுப்பு சிலிண்டர் கேஸும் இல்லை. காற்றை உள்ளே இழுத்து, எரித்துச் சூடாக்கி, அந்த வேகத்தில் விசிறியைச் சுழற்றுகிற இன்ஜின். விமானத்தில் இருக்கிறதே, அந்த மாதிரி.

1950-லேயே இங்கிலாந்துக்காரன் இப்படி ஒரு காரை ஓட்டிக் காட்டிவிட்டான். பிறகு பிரான்சுக்காரனும் செய்தான். இங்கே கிரைஸ்லர் கம்பெனி அறுபதுகளில் ஐம்பது கார்களைச் செய்து, ஆளுக்கு மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள் என்று குடும்பங்களிடம் சும்மாவே கொடுத்தது. டீசல் ஊற்றினாலும் ஓடும், மண்ணெண்ணெய் ஊற்றினாலும் ஓடும். ஆனால் குடித்துத் தீர்த்துவிடும். செய்யவும் ஏகப்பட்ட செலவு. கடைசியில் கம்பெனியே முக்கால்வாசிக்கு மேல் அழித்துப் போட்டது. தப்பியது ஒன்பதே ஒன்பது. அதில் ஒன்று எங்கள் முதலாளியிடம் இருக்கிறது. பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்காது, ஒவ்வொன்றையும் நாங்களே கடைந்து எடுக்கிறோம்.

அதை மறுபடி ஓட வைக்க இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும். முதலாளி நல்லவர், லீவு கேட்டால் கொடுப்பார். எனக்குத்தான் பாதியில் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

இந்தக் காருக்கு ஒரு குணம் உண்டு. மிதித்ததும் கிளம்பாது. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு அப்புறம்தான் எடுக்கும். நானும் அப்படித்தான் என்று வைத்துக்கொள். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள். சிந்துவுக்கு முத்தம்.

உன்
கலைவேந்தன்

குருவிநத்தம்,
14.03.2025

கலைவேந்தன் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. முத்துக்குமரனிடம் படித்துக் காட்டினேன். "அடக் கடவுளே, காரா!" என்று தலையில் அடித்துக்கொண்டான். வீடே சிரித்தது, உங்கள் அப்பா கூடச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, கரும்புக் கொல்லைக்குப் போய் வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

உங்களுக்குக் கேஸ் என்று நினைத்திருந்த நாட்களில் எனக்கு ஒரு புருஷன் இருந்தார். எங்கேயோ மாட்டிக்கொண்டு எங்களை நினைத்துத் தவிக்கிறார் என்று நம்பினேன். மூன்று வருஷத்தில் அப்போதுதான் நிம்மதியாகத் தூங்கினேன். லீவு கேட்டால் கிடைக்கும் என்று நீங்களே எழுதிய பிறகு அந்தத் தூக்கமும் போய்விட்டது.

அந்தக் காரை இரவல் வாங்கி ஓட்டிய குடும்பங்களை நினைத்துப் பார்த்தேன். மூன்று மாதம்தான் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

மிதித்ததும் கிளம்பாது, பொறுத்துக்கொள் என்கிறீர்கள். எவ்வளவு நாள்தான் மிதித்துக்கொண்டே இருப்பது? கால் வலிக்கிறது மாமா. எனக்கு உங்கள் மேல் கோபம் கூட வரவில்லை, அலுப்பாக இருக்கிறது.

உங்கள் அப்பாவைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர் என்னோடுதான் இருப்பார். "நீ எங்க போறியோ அங்க நானும் வரேன்மா" என்று சொல்லிவிட்டார். சிந்து எப்போது வேண்டுமானாலும் உங்களோடு பேசட்டும், நான் தடுக்க மாட்டேன்.

வில்லியனூரில் மஞ்சுளா என்று ஒரு வக்கீல் அம்மா இருக்கிறார். போய்ப் பார்த்து மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பும்போது மாதா கோவிலுக்குப் போனேன். போன தடவை கேஸ் முடிய வேண்டும் என்று ஏற்றினேன், இந்தத் தடவை தொடங்குவதற்கு முன்னால் ஒன்று ஏற்றினேன். உங்களுக்குச் சீக்கிரம் நோட்டீஸ் வரும்.

இனிமேல் ஊரில் யார் கேட்டாலும் முத்துக்குமரன் தாராளமாகச் சொல்லலாம், மாமாவுக்குக் கேஸ் என்று.

இப்படிக்கு,
செல்வகுமாரி