கார் தள்ளியபோது சிரித்தது

ஜனவரி 30, வியாழன்

விடியவே வாடைக்காற்று, தூறல். காயப்போட்ட கருவாட்டை எல்லாம் அள்ளி வாடிக் கொட்டிலுக்குள் போட்டேன். முதுகு நோ.

மாலை மகள் மெரின் கார்மென்ட்ஸ் வேலையால் வந்ததும் வராததுமாகப் போனை நீட்டினாள். கார் விளம்பரம். சுதந்திர தினத்துக்காம். தேயிலை மலை, விகாரை, பிறகு எங்கள் நாயாற்றுக் கரை. மணலில் தாழ்ந்த காரை எங்கள் ஆட்கள் தள்ளுகிறார்கள். நடுவில் நான், வாய் முழுக்கச் சிரிப்பு. கார் கிளம்ப, பின்னால் சிங்கக்கொடி. ஒன்றாய் நகர்வோம் என்று எழுத்து வருகிறது.

போன மாதம் நடந்தது. படம் எடுக்க வந்தவர்களின் கார் தாழ்ந்துவிட்டது. வள்ளமோ வாகனமோ, கரையில் எது தாழ்ந்தாலும் கூப்பிடாமலே போய்க் கை கொடுப்பது இங்கே வழக்கம். கொடுத்தோம். டிரைவர் அக்சிலேட்டரில் ஒரே அமத்து. டயர் கிளப்பிய மணல் அவ்வளவும் சூசை அண்ணன் வாயில். அதற்குத்தான் சிரித்தேன். கொடி கட்டியிருந்ததா? கண்டதாக ஞாபகம் இல்லை.

"அம்மா, நீங்கள் இப்பிடிச் சிரிச்சு நான் கண்டதேயில்லை" என்றாள் மெரின். இவர், அவளின் அப்பா, காணாமல் போனபோது அவளுக்கு இரண்டு வயது.

ஜனவரி 31, வெள்ளி

பாண் வாங்கப் போனால் கடையிலும் அதே கதை. சூசை அண்ணனுக்குப் பெருமை. எங்கள் கை படாமல் நாடு நகராது என்று காட்டியிருக்கிறார்களாம். மீனவர் சங்கச் செயலாளர் பாய்ந்தார். தள்ளுவது நாங்கள், ஏறிப்போவது அவர்கள், அதுதான் செய்தி என்று.

விளம்பரத்துக்குக் கீழே யாரோ சிங்களத்தில் எழுதியிருப்பதை மெரின் வாசித்துச் சொன்னாள். கார் வடக்குப் பார்த்துப் போகிறதாம், நாட்டைப் பிரிக்கிற சைகையாம். மற்றப் பக்கம் போனால் களப்புத் தண்ணீருக்குள் அல்லவா விழும்.

வெளிநாட்டில் இருக்கிற யாரோ ஒருவர் என் சிவப்புச் சீலையையும் மஞ்சள் சட்டையையும் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார். இயக்கக் கொடியின் நிறமாம், ஒளித்து வைத்த செய்தியாம். சீலை பெருநாளுக்கு மச்சாள் தந்தது. சட்டை உடுப்புக் காயப்போடும் கொடியில் கிடந்தது. கருவாட்டு வேலைக்கு யார் நிறம் பொருத்தம் பார்ப்பார்கள்? ஆனாலும் இன்று படலையைப் பூட்டிவிட்டேன்.

பெப். 1, சனி

பூட்டியது சரி. சிவில் உடுப்பில் சி.ஐ.டி. ஒருவர், மோட்டார் சைக்கிளில். மரியாதையாகத்தான் கேட்டார். சீலையைத் தெரிவு செய்தது யார்? மச்சாள் என்றேன். மச்சாளின் பெயரையும் எழுதினார். தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

சீலையை அலுமாரியின் அடியில் வைத்தேன். எடுத்தேன். திரும்ப வைத்தேன். நான் ஏன் ஒளிக்கவேண்டும்?

வாங்க: உப்பு, தீப்பெட்டி, தலையிடிக் குளிசை.

பெப். 2, ஞாயிறு

பூசை முடிய முல்லைத்தீவுக்கு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் போராட்டம் இருக்கிற கொட்டகை. ஞாயிறு தவறாமல் இவருடைய படத்தோடு போய் இருப்பேன். இன்று என் கதிரையில் வேறு ஆள். யாரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஜெயராணி அக்கா வெளியே கூட்டிப்போனா. இரண்டு மகன்களைத் தேடுகிறவா, எங்கள் எல்லாருக்கும் முன்னால் நிற்கிறவா. நாலாம் திகதி, சுதந்திர தினத்தன்று, கிளிநொச்சியில் கறுப்புக்கொடிப் போராட்டம். அதைப் பற்றித்தான்.

"இந்தமுறை நீ பின்னுக்கு நில், பிள்ளை. உன்னை அடையாளம் கண்டா, இவை சிரிச்சுச் சந்தோசமாத்தானே இருக்கினம் எண்டு எழுதுவாங்கள்."

"மணலுக்குச் சிரிச்சனான் அக்கா."

"எனக்குத் தெரியும்."

தெரிந்தும் சொன்னாவே, அதுதான் சுட்டது. அவா சொன்னதில் பிழையும் இல்லை. அது இன்னும் எரிச்சல்.

பெப். 3, திங்கள்

கருவாடு பரவாயில்லை. பாதி தப்பியது.

ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை. மெரின் குளிக்கப்போன நேரம், சத்தத்தைக் குறைத்து விளம்பரத்தைப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். முன்பு இப்படித்தான் சிரிப்பேன். இலையான் பறந்து உள்ளே போகும், வாயை மூடு என்பார் இவர்.

நாளைக்குப் போவதில்லை. முடிவு.

கறுப்புச் சீலையைத் தோய்த்துப் போட்டேன். பின்னால் என்றாலும் இவருடைய படத்தை வேறு யார் பிடிப்பது?

பெப். 4, செவ்வாய்

வெயில். கிளிநொச்சிக்குப் போகிற எங்கள் பஸ்ஸில் பின்சீற்றில் தனியே இருந்தேன். பரந்தனுக்கு இந்தப் பக்கம் பஸ் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. தள்ளினால்தான் இஞ்சின் பிடிக்கும் என்றார் டிரைவர். படங்களை அவரவர் சீற்றில் சாத்தி வைத்துவிட்டு எல்லாரும் இறங்கினோம்.

நான் கை வைக்கவில்லை. ஒதுங்கி நின்றேன்.

"என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? நீதானே தள்ளிப் பழகினனீ" என்றா ஜெயராணி அக்கா.

யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான், நானும் சேர்ந்து தள்ளத் தள்ள எல்லாருக்கும் சிரிப்பு. பஸ் ஒரு உதறு உதறிப் பிடித்தது. கரும்புகை முழுக்க ஜெயராணி அக்காவின் முகத்தில். அவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு றோட்டில் குந்திவிட்டா. அவா சிரித்து இன்றுதான் கண்டேன்.

பிறகு சட்டென்று முகத்தைத் துடைத்து, றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தா.

"ஆரும் படம் எடுத்தவங்களோ?"

இல்லை என்றேன்.

"எடுத்திருந்தா நானுமெல்லோ உன்னோட பின்னுக்கு நிக்கவேணும்" என்று என் கையைப் பிடித்து எழும்பினா.

கையை விடவில்லை. பஸ் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. உள்ளே படங்கள் மட்டும். பின்னால் ஓடினோம்.