ஹக்கல இறக்கத்தில் கரவன்

16 ஏப்ரல் 1979, திங்கள். அட்டன்

மழை இல்லை. உயிர்த்த ஞாயிறு முடிந்து மறுநாள். கராஜைப் பூட்டியாயிற்று. ஒரு வாரத்துக்கு எவன் வந்து ஹோர்ன் அடித்தாலும் திறப்பதாக இல்லை.

கரவன் தயார், சக்கரம் வைத்த குட்டி வீடு. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது சீமைக்குப் போன துரை விட்டுப்போனது. நான் வாங்கும்வரை அதில் கோழி அடைத்திருந்தார்கள். கழுவிக் கழுவி என் கை தேய்ந்ததுதான் மிச்சம், வாடை போகவில்லை என்கிறாள் பிலோமினா. மூக்கு அப்படி. பச்சைப் பெயின்ட் நானே அடித்தேன். ஜீப்புக்குப் பின்னால் வீட்டை இழுத்துக்கொண்டு போகிறவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தன்தான். பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

ஏற்றியது: அடுப்பு, மண்ணெண்ணெய், கம்பளி, கருவாடு, சக்கரத்துக்கு வைக்கக் கட்டை, செபமாலை (அவளுடையது).

பாதை பற்றி. கரவனுக்குத் தனி பிரேக் கிடையாது. ஏற்றத்தில் ஜீப் இழுத்துவிடும். இறக்கத்தில் அது ஜீப்பைத் தள்ளும். நடு இறக்கத்தில் பிரேக்கை அமுக்கி நிறுத்தப் பார்த்தால் பின்பக்கம் சுழன்று ரோட்டுக்குக் குறுக்கே வரும், பக்கத்தில் பள்ளம். ஆகவே எதில் ஏறுகிறோம் என்பது பெரிதில்லை. எதில் இறங்குகிறோம் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

முடிவு: தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா. ஏரிக்கரையில் இரண்டு நாள். பிறகு இறம்பொடை வழியாகக் கண்டி, அவள் தங்கச்சி வீடு. இறம்பொடையில் வளைவு அதிகம், ஆனால் ரோடு நல்ல அகலம்.

கலியாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இதுதான் முதல் பயணம். பிள்ளை இல்லை எங்களுக்கு. எனக்கு அவள், அவளுக்கு நான்.

17 செவ்வாய். நுவரெலியா

குளிர். தலவாக்கலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினேன். பிலோ ஜீப்பிலேயே இருந்தாள். கடை நானா என்னைப் பார்த்ததும், அதற்குள் திரும்பி வந்துவிட்டீர்களா என்றார். இன்றைக்குத்தான் போகிறோம் நானா என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"நேத்து இதே நேரத்துக்குத்தானே இந்தப் பச்ச வண்டிய இழுத்துக்கிட்டு மேல போனீங்க? அம்மா வரலையான்னு கேட்டேன். நீங்க பேசவே இல்ல. கண்ணு மட்டும் செவந்து கெடந்துச்சு."

வேறு யாராவது இருக்கும் என்றேன். எனக்கு ஆள் தெரியாதா என்று கோபித்துக்கொண்டார். தேத்தண்ணி நாக்கில் ஒட்டவில்லை. பிலோவிடம் சொல்லவில்லை.

வழி நெடுகக் கொழுந்து எடுக்கிற பெண்கள் கை காட்டினார்கள். புது வண்டியைப் பார்த்தா, தெரிந்த வண்டியைப் பார்த்தா? நினைக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

ஏரிக்கரையில் காவல்காரர் சிங்களவர், வயசாளி. கேட்காமலே ஓர் இடத்தைக் காட்டினார். மாத்தயா (ஐயா என்று என்னைத்தான்) நேற்று நிறுத்திய இடம் சும்மாதான் கிடக்கிறது, அங்கேயே போடுங்கள் என்றார். புல் அமுங்கியிருந்தது. சக்கரத்துக்குக் கட்டை வைத்த பள்ளம். என் கட்டையை அதில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

மெதுவாக விசாரித்தேன். மாத்தயா தனியாகப் படியில் உட்கார்ந்திருந்தீர்கள், சமைக்கவும் இல்லை, காலையில் இறம்பொடைப் பக்கம் இறங்கிப் போனீர்கள் என்கிறார். கிழவன் குடிப்பானோ என்று பார்த்தேன். வாயில் வெற்றிலை வாசம் மட்டும்தான்.

18 புதன்

பனி மூட்டம். பிலோவுக்கு ஒரே சந்தோஷம். படகில் போனாள், சின்னப் பிள்ளை மாதிரி தண்ணீரில் கைவிட்டுக்கொண்டு. கருவாட்டைப் பொரித்தாள். மறுபடி கோழி வாடை பற்றி ஒரு பாட்டம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

ஒன்றுமில்லை, பிரேக் யோசனை என்றேன்.

முன்னால் போனவன் எவனோ, என்ன எழவோ, தெரியாது. அவன் பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவன் போன ரோட்டில் நான் போகப்போவதில்லை.

இறம்பொடையில் மண் சரிந்திருக்கிறதாம், மார்க்கட்டில் பேசிக்கொண்டார்கள் என்று பொய் சொன்னேன். தங்கச்சிக்குப் போஸ்ட்காட் போட்டாயிற்றே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பரவாயில்லை. ஹக்கல, வெலிமடை வழியாகப் பண்டாரவளை. இறம்பொடையை விடச் செங்குத்து, ரோடும் ஒடுக்கம். பிரேக் இல்லாத கரவனோடு அதில் இறங்குகிறவனை நானே முட்டாள் என்பேன்.

பச்சைக் கரவன் ஏதாவது அந்தப் பக்கம் இறங்கியதா என்று பஸ் ஸ்டாண்டில் வெலிமடை லைன் டிறைவரிடம் கேட்டேன். கரவனா, அப்படியென்றால் என்ன என்றார். கட்டிப்பிடிக்காத குறை. இரண்டு நாளைக்குப் பிறகு இன்றுதான் பசித்தது.

19 வியாழன். பண்டாரவளை

கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

ஹக்கல தோட்டம் தாண்டும்வரை வெயில். பிலோ கோபம் தீர்ந்து பாட்டு முணுமுணுத்தாள். வளைவு ஒன்று திரும்பினோம், மூட்டம் அப்படியே இறங்கிவிட்டது. ஜீப்பின் பொனட் தெரியவில்லை. நல்லவேளை கொஞ்சம் மட்டமான இடம், நிறுத்தினேன். பின்னால் பஸ் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். நிற்கவும் முடியாது.

மூட்டத்தில் லொறிக்காரர்கள் செய்வது ஒன்று. கிளீனர் முதுகில் வெள்ளைத் துணி போட்டு முன்னால் நடப்பான், டிறைவர் அந்த வெள்ளையை மட்டும் பார்த்து வருவான். எனக்குக் கிளீனர் ஏது? நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், பிலோ வெள்ளைத் துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"துவாய மட்டும் பாத்து வாங்க. வேற எங்கயும் பாக்காதீங்க."

முதல் கியர். வெள்ளை அசைகிறது, நான் போகிறேன். ஒரு வளைவில் வெள்ளை மறைந்தது. நான் கத்தினேன். மறுபடி தெரிந்தது, முன்னை விடக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் வேகமாக. மெதுவாகப் போடி என்றேன், கேட்கவில்லை போலும். இதற்கு மேல் விட்டால் போச்சு என்று பின்னாலேயே போனேன்.

மூட்டத்துக்குக் கீழே வந்துவிட்டோம். ரோடு பளிச்சென்று தெரிந்தது. துவாயோடு ஓரமாக நின்றாள், ஜீப் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே வந்து ஏறிக்கொண்டாள். தெப்பமாக நனைந்திருந்தாள். கையைப் பிடித்தேன், ஒரே குளிர். பயந்துபோய்விட்டேன் பிலோ என்றேன், அழுகையே வந்தது. அவள் துவாயை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டாம் கியரில் போட்டு இறக்கத்தில் விட்டேன்.

கரவன் சக்கரம் ஒழுங்காக வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். மேல் ரோட்டில் மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். நீலச் சேலை. கையில் வெள்ளைத் துவாய், அதை வீசி வீசிக் காட்டுகிறாள். ஒரு காலில் செருப்பு இல்லை. வாய் அசைகிறது. என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பிலோமினாவின் ஓட்டம் எனக்குத் தெரியாதா?

பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அதே நீலச் சேலை. நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"பின்னால பாக்காதீங்க" என்றாள். குரலும் அவள் குரல்தான்.

கரவன் தள்ளிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தில் பிரேக்கில் கால் வைக்க முடியாது, அது சத்தியம். எந்த டிறைவரும் சொல்லுவான்.

கீழே சமதரை வந்தது. ஓரத்தில் லொறி திருப்புகிற அளவுக்கு இடம். பக்கத்தில் இருப்பவளை இறங்கச் சொல்லிவிட்டு, மேலே போய்ப் பார்த்து, அங்கே யாரும் இல்லை என்றால்? முன்னால் போனவன் மாதிரி தனியாகக் கரவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதா?

நான் நிறுத்தவில்லை.