சாப்பிட்டன

1953 ஜூன் 7, ஞாயிறு

தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே சதுப்பில் அழுகண்ணி பூத்துவிட்டது. பெயர்தான் அழுகண்ணி; அழுவதெல்லாம் எறும்புகள். இலை நுனியில் துளித்துளியாகப் பசை, ஒட்டினால் தின்றுவிடும். பூவில் இரண்டு நிறம், வெள்ளையும் இளஞ்சிவப்பும். ஒவ்வொரு தடவையும் இளஞ்சிவப்பு என்று எழுதச் சோம்பல். இனிமேல் சிவப்பு.

சிவப்பு 7, வெள்ளை 21. மொத்தம் 29.

ஒரே சேற்றில் எதற்கு இரண்டு நிறம்? பூச்சிக்கு எது பிடிக்கிறது? மகரந்தம் கொண்டுவரும் பூச்சி கல்யாணத் தரகர் மாதிரி. கீழே இலை அதே தரகரைத் தின்னக் காத்திருக்கிறது. அதனால்தான் பூ நீளக் காம்பில் எட்டி நிற்கிறது போலும். அம்மா இந்தச் செலண்டார் தோட்டத்துக்கு அனுப்பும் தரகர்கள் விஷயத்தில் எனக்கு இலைதான் பிடித்திருக்கிறது.

ஜூன் 13, சனி

சிவப்பில் மூன்று மொட்டு, வெள்ளையில் மூன்று மொட்டு. ஆறுக்கும் மஸ்லின் பை கட்டினேன். பூச்சியே வராவிட்டால் காய்க்குமா, பார்க்க வேண்டும்.

கேட்டில் பெண்களைச் சோதனை போடுவது இருசம்மாள் அக்கா. "பூவுக்குச் சட்டை தச்சுப் போடுறீங்க டீச்சர், உங்களுக்கு ஒரு நல்ல சட்டை தச்சுக்கக் கூடாதா லா?"

ஜூன் 14

சிவப்பு இரண்டுக்கு உணவு கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டன.

ஜூன் 20

இது கணக்கு நோட்டின் பின்பக்கம். டைரி போலீசிடம்.

காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூடக் கேட்டைத் தாண்ட விடுவதில்லை. என் பையில் தீப்பெட்டி, அதில் செத்த எறும்புகள். "எறும்பு சாப்பாடா, இல்லையா?" என்று அக்கா காவலரைக் கேட்டது விளையாட்டாகத்தான். அவருக்கு விளையாட்டு தெரியவில்லை. பையைக் கொட்டினார். டைரி விழுந்தது.

ஜூன் 23

தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி சிற்றம்பலம் ஐயாதான் போலீசுக்காக டைரியை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்திருக்கிறார். சிவப்பு என்றால் அவர்களுக்குக் கம்யூனிஸ்டு; பூ என்று எழுதியதெல்லாம் சங்கேதமாம். 'சிவப்பர் இருவருக்கு உணவளித்தேன், அவர்கள் நன்றாக உண்டார்கள்' என்று ஆகிவிட்டது. போய்க் கேட்டேன்.

"நீர் எழுதினதைத்தான் பிள்ளை, நான் மாத்தினனான். ஒரு சொல்லும் கூட்டேல்லை."

கூட்டவில்லைதான். ஜூலை இரண்டாம் தேதி மலாக்காவில் விசாரணை. அதுவரை பள்ளிக்கூடம் வரக் கூடாதாம். உள்ளே போட்டால் எத்தனை மாதம்? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பயமா இருக்கு. எறும்புக்காக ஜெயிலா?

ஜூலை 2

விட்டுவிட்டார்கள்!

விசாரித்தவர் வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் தனபாலன். ஒல்லி, மூக்கில் நழுவும் கண்ணாடி. தமிழ் மூலத்தைத் திறந்து ஒரே சொல்லில் விரல் வைத்தார். "சாப்பிட்டன. இது அஃறிணை, துரை. மனிதர் என்றால் சாப்பிட்டார்கள் என்றுதான் வரும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்."

துரை விடவில்லை. கம்யூனிஸ்டுகளை மிருகமாக நினைப்பவர் இப்படி எழுதலாமே?

"அப்படி நினைப்பவர் எதற்குச் சோறு போடுகிறார்?" என்றார் தனபாலன்.

துரை ஃபைலை மூடினார். வகுப்பில் இத்தனை வருடம் திணை நடத்தியிருக்கிறேன். அது ஆளைக் காப்பாற்றும் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

ஜூலை 11

டைரி திரும்பி வந்தது. ஜூன் 7 பக்கத்தில் பென்சிலில் பொடி எழுத்து: '7 + 21 = 28.' தரகர் வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக். தனபாலன் எல்லாவற்றையும் படித்திருக்கிறார்! என்ன திமிர்!

சதுப்புக்குப் போனேன். இரண்டு பைகளைப் போலீஸ் பிரித்துப் பார்த்திருக்கிறது. அவற்றைக் கணக்கில் சேர்க்க முடியாது. மற்ற நான்கும் காய்த்திருக்கின்றன. சிவப்பும் காய்த்தது, வெள்ளையும் காய்த்தது. யாருமே வராமல். பூ மூடும்போது தன் மகரந்தத்தைத் தானே பூசிக்கொள்கிறது போலும். நல்ல ஏற்பாடு. அம்மாவுக்கு எழுதவில்லை.

செப்டம்பர் 5

கடலோரப் பக்கத்தை 'வெள்ளைப் பகுதி' என்று அறிவித்துவிட்டார்களாம். அங்கே கம்யூனிஸ்டு பயம் இல்லை, சோற்றுப் பொட்டலத்தோடு எங்கும் போகலாம். எங்கள் தோட்டத்துக்கு அந்த நிறம் இன்னும் கிடைக்கவில்லை.

சிற்றம்பலம் ஐயா வீடு தேடி வந்தார். "கடற்கரைப் பக்கம், தங்கா பத்துவில இருக்கிற தனபாலன் உம்மைப் பெண் கேக்கிறார், பிள்ளை." செய்த பாவத்துக்குப் பரிகாரமாகத் தரகர் ஆகிவிட்டார் மனிதர்.

என் டைரியைப் படித்துவிட்டும் பெண் கேட்கிற ஆள்! தங்கா பத்துவுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டேன். 'என்னுடையதைப் படித்துவிட்டீர்கள். உங்கள் டைரியை அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.'

செப்டம்பர் 19

தபாலில் வந்தது. நீல அட்டை. நேரே ஜூலை 2.

'டீச்சர் பொண்ணு வந்தது. பயந்திருந்தது. வெளியே காட்டவில்லை.'

வந்ததா? பயந்திருந்ததா? என்னை அஃறிணையில் எழுதியிருக்கிறார்.

பென்சிலைச் சீவிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.