வால் முளைத்த விளக்குகள்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். உன் நலத்தைப் போனில் கேட்டபோது "ம்" என்று ஒரே எழுத்தில் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய், அதனால் தாளில் இன்னொரு தடவை கேட்கிறேன், சௌக்கியமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, கோபம் கொஞ்சமாவது இறங்கியதா. வெள்ளிக்கிழமைக்கு வாங்கி வைத்திருந்த லேசர் ஆபரேஷன் தேதியை ரத்து செய்துவிடு, காரணத்தை எழுதி அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பேக்கரியில் ஒரு அடுப்பை மூடி இன்னொரு அடுப்பைத் திறக்கிற இடைவெளியில் ஒரு காதால் கேட்பாய், நான் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவேன், கடைசியில் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வைப்போம். எனக்கு எழுதினால்தான் கோர்வையாக வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை, நல்ல செய்திதான், அது வந்த வழிதான் கொஞ்சம் சுற்றுவழி.

லேசர் செய்துகொள்ளட்டுமா என்று நீ முதலில் கேட்டபோதே அது அழகுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். பேக்கரியில் அடுப்பைத் திறந்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, தட்டு எங்கே கை எங்கே என்று தெரியாமல் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டாய், அந்தத் தழும்பு வீடியோ காலில் தெரியாதபடி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டதையும் பார்த்தேன், நீ சொல்லாததால் நானும் கேட்கவில்லை. உன் பெரியம்மாவுக்குத்தான் ஒரே குஷி, கண்ணாடியைக் கழற்றினால் போட்டோவில் மூக்கு எடுப்பாகத் தெரியும், நாலு பேர் கேட்டு வருவார்கள் என்கிறாள். அவளிடம் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னாலும் பேச்சு உன் கல்யாணத்தில்தான் போய் நிற்கும். அப்பா வழக்கம்போல டூல்பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் போன ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கருவிழியின் கீழ்ப்பக்கம் லேசாகச் சந்தேகமாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள், இரண்டாவது இடத்தில் அதே மாதிரிப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது, செய்யலாம் என்று தேதியும் கொடுத்துவிட்டார்கள் என்று நீ சொன்னாய் பார், அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். லிஃப்டில் சத்தம் வருகிறது என்று ஒருத்தனும் வரவில்லை என்று இன்னொருத்தனும் சொன்னால், வருகிறது என்றவன் பேச்சைத்தான் முதலில் கேட்கணும், ஓடவிட்டுப் பார்க்கக்கூடாது, நிறுத்தி வைத்துப் பார்க்கணும் என்றார். இத்தனை வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர், அவருக்கு எல்லாமே லிஃப்ட்தான் என்று நீ சிரித்தாய், நானும் சிரித்தேன்.

இரண்டு இடத்திலும் உன்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், குடும்பத்தில் யாருக்காவது கருவிழி மெலிந்து முன்னால் தள்ளிக்கொண்டு வருகிற வியாதி உண்டா என்று. நீ அதை என்னிடம் கேட்டாய், நான் யோசிக்கக்கூட இல்லை, நம் பக்கத்தில் கண்ணாடி போடாதவர்கள்தான் குறைவு, வியாதி கியாதி எதுவும் கிடையாது என்றேன். தெரிந்ததைத்தான் சொன்னேன். அதற்கு அடுத்த நாள் நீ ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய், நினைவிருக்கிறதா, முதல் டாக்டர் உன்னிடம் தெருவிளக்கைப் பார்த்தால் கீழே வால் முளைத்த மாதிரி, பக்கத்தில் இன்னொரு விளக்கின் நிழல் ஒட்டிக்கொண்ட மாதிரித் தெரியுமா என்று கேட்டாராம், யாருக்கும்மா அப்படித் தெரியும், என்ன பேய்ப்படமா என்று ஒரே சிரிப்பு உனக்கு. நான் அதைப் பல் செய்கிற எங்கள் லேபில், என் மேஜையில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு கடைவாய்ப் பல்லுக்குக் கேப் செய்துகொண்டிருந்தேன், பீங்கான் பொடியைக் குழைத்து தூரிகையால் ஒரு பூச்சு வைத்திருந்தேன், கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றியிருந்தேன். அதை இறக்கிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ச் சுவரோரம் பீங்கான் சுடுகிற சூளை இருக்கிறதே, அதில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதற்குக் கீழே, எப்போதும் போல, வால் இருந்தது.

எப்போதும் போல என்றுதான் சொல்ல வேண்டும் குட்டி, ஏனென்றால் அது எனக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. பக்கத்து மேஜையில் ஒருத்தன் இருக்கிறான், வாயை மூடவே மாட்டான், அவனுக்கு ரம்பம் என்று பேர் வைத்திருக்கிறோம். அவனிடம் அந்த விளக்கு உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். சிவப்பாத் தெரியுது என்றான். வால் தெரிகிறதா என்றேன். அவன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு என்னையே பார்த்தான், அக்கா நேத்து சரியா தூங்கலையா என்றான். அதற்குப் பிறகு அன்றைக்கெல்லாம் அவன் பேசவில்லை, நானும் அந்தக் கேப்பை இரண்டு தடவை கெடுத்தேன். கதைகளில் நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாக இருக்கின்றன என்று எழுதியிருப்பார்கள், நிலவை ஒற்றை வட்டம் என்று எழுதியிருப்பார்கள். எழுதுகிறவர்கள் பிசிறையெல்லாம் விட்டுவிட்டுச் சுத்தமாக எழுதுகிறார்கள் போல என்றுதான் இத்தனை காலம் நினைத்துப் படித்திருக்கிறேன். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாலும் கடைசி வரியில் எப்போதும் தடுமாறுவேன், இதுக்கு மேல வராதும்மா என்பார்கள், நானும் எல்லோருக்கும் அவ்வளவுதான் வரும்போல என்று எழுந்து வந்துவிடுவேன்.

உடனே உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், எனக்கே நிச்சயமில்லாததைச் சொல்லி உன் மனசைக் கலைக்கக்கூடாது என்றுதான். அப்பாவிடம்கூடச் சொல்கிற எண்ணம் இல்லை, ஆனால் என் கண்ணையும் படம் எடுத்துப் பார்க்க நேரம் கேட்டபோது, கண்ணில் சொட்டு மருந்து விடுவோம், துணைக்கு ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், வேறு வழியில்லை. அவர் எதுவும் கேட்காமல் லீவு போட்டுவிட்டு வந்தார். காத்திருக்கிற இடத்தில் சொட்டு மருந்து எரிச்சலாக இருந்தது, பழக்கதோஷத்தில் இரண்டு முஷ்டியாலும் கண்ணை அழுத்தித் தேய்த்தேன். படம் எடுக்கிற பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துவிட்டாள், இப்படித் தேய்க்கவே கூடாது, கருவிழி மெலிந்தவர்களுக்கு இது ரொம்பக் கெடுதல், வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பழக்கமா என்று கேட்டாள். அப்பா உடனே சாட்சி சொல்லக் கிளம்பிவிட்டார், காலையில் எழுந்ததும் அம்மாவும் மகளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து மாவு பிசைவது மாதிரி கண்ணைப் பிசைவார்கள், யாருக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று தெரியவில்லை என்று. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

தாடையை ஒரு தாங்கியில் வைத்து, வளையம் வளையமாக ஒளிருகிற ஒன்றை இமைக்காமல் பார்க்கச் சொல்கிறார்கள், உனக்குத்தான் தெரியுமே. அங்கே உட்கார்ந்திருந்தபோது நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா. எனக்கு அந்த வியாதி இருக்கட்டும் என்று. இல்லை என்று வந்துவிட்டால் உன் விஷயம் அப்படியே இழுபறியில் நிற்கும், ஒரு டாக்டர் ஆம் ஒரு டாக்டர் இல்லை, நடுவில் வெள்ளிக்கிழமை வந்துவிடும். லேசரால் உன் கருவிழியைச் செதுக்கிய பிறகு முதல் டாக்டர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தால் செதுக்கினதைத் திரும்ப ஒட்ட முடியாது. இருக்கிறது என்று வந்தால் குழப்பமே இல்லை. பெற்றவள் இப்படிக் கணக்குப் போடுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு நானே புதிதாகத் தெரிந்தேன்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வானிலை செய்தியில் காட்டுகிற வரைபடம் போல இருந்தது, பச்சையும் நீலமும், கீழ்ப்பக்கம் மட்டும் சிவப்பாக ஒரு திட்டு. இந்த இடத்தில் உங்கள் கருவிழி மெலிந்து கொஞ்சம் கூம்பு மாதிரித் தள்ளியிருக்கிறது, கெரட்டோகோனஸ் என்று இதற்குப் பெயர் என்று ரொம்ப மெதுவாக, நான் உடைந்துவிடுவேன் என்று பயந்த மாதிரிச் சொன்னார்.

நான் "அப்பாடா" என்றேன்.

டாக்டர் அப்பாவைப் பார்த்தார், அப்பா தரையைப் பார்த்தார். "இதைக் கேட்டு அப்பாடான்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்றார் டாக்டர். பிறகு உன் கதையைச் சொன்னேன், நீ அனுப்பியிருந்த உன் கண் படத்தை என் போனில் காட்டினேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மாவுக்கு இது இருந்து, பொண்ணோட படத்திலயும் சந்தேகம் இருந்தா, அந்தக் கண்ணுல நான் லேசர் வைக்க மாட்டேன்." இரண்டாவது ஆஸ்பத்திரிக்காரர்கள் மேலும் தப்பில்லை, படம் எல்லையில்தான் இருக்கிறது, குடும்பத்தில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அவர்களும் யோசித்திருப்பார்கள் என்றார். என் தொழிலில் இது எனக்குச் சுலபமாகப் புரிகிறது குட்டி. ஒரு கேப் ஒரு பக்கம் மெலிதாக வந்துவிட்டால் பார்க்க அழகாகவே இருக்கும், அதை இன்னும் இழைத்தால் அன்றைக்கும் அழகாகவே இருக்கும், ஒரு நாள் எதையோ கடிக்கும்போது அந்த இடத்தில்தான் விரிசல் விடும். அப்படிப்பட்டதை நான் இழைக்க மாட்டேன். லேசர் என்பதும் கருவிழியை இழைப்பதுதானே.

உனக்கு இந்த வியாதி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அதை நன்றாக மனசில் வாங்கிக்கொள். வராமலே போகலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும், ஒருவேளை மாறத் தொடங்கினால் மருந்துச் சொட்டு விட்டு ஒருவித வெளிச்சத்தைக் காட்டிக் கருவிழியைக் கெட்டிப்படுத்தி அங்கேயே நிறுத்திவிட முடியுமாம். உன் வயதில் கண்டுபிடித்தால்தான் அதற்கு அர்த்தம், நீ லேசர் வேண்டும் என்று போகாமல் இருந்திருந்தால் யாரும் இந்தப் படத்தை எடுத்தே இருக்க மாட்டார்கள், அதனால் நீ போனதும் நல்லதுக்குத்தான். எனக்கு இந்த வயதுக்கு மேல் பெரும்பாலும் வளராது என்கிறார் டாக்டர். நான் கொடுத்த சீதனமா இது என்று திரும்பி வரும்போது ஆட்டோவில் புலம்பினேன். மூக்கையும் நீதான் குடுத்த, அதுக்கு இதுவரைக்கும் யாரும் உன் மேல கேஸ் போடல என்றார் அப்பா.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவள் நீ, உனக்கு அதற்கான வயது வந்துவிட்டது. என் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், இரண்டு இடத்திலும் காட்டு, என்ன சொல்கிறார்கள் என்று நீயே கேள். ஆனால் லேசர் செய்துகொள்ளட்டுமா வேண்டாமா, நீயே சொல்லும்மா என்று முதலில் என்னிடம் கேட்டாய் அல்லவா, அதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அடுப்பு ஆவிக்கு ஒரு வழி சொல்கிறேன், நாங்கள் மாஸ்க் போட்டுப் பல் இழைக்கும்போது கண்ணாடி இதே மாதிரிதான் வெளுத்துப்போகும், ஒரு சொட்டு சோப்பை இரண்டு பக்கமும் தடவி, தண்ணீர் விடாமல், காய்ந்த துணியால் பளபளவென்று ஆகும்வரை துடைத்துவிடு, பாதி நாள் தாங்கும். நீளக் கையுறை வாங்கித் தரச் சொல்லி உன் முதலாளியிடம் வாய்விட்டுக் கேள், கேட்டால் ஒன்றும் குறைந்துவிட மாட்டாய். பெரியம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீ அவள் போனை எடுத்து மாட்டிக்கொள்ளாதே. கண்ணில் கை போனால் முகத்தைக் கழுவு, தேய்க்காதே, நானும் தேய்க்கவில்லை, ரொம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று சொல்லாமல் கடிதத்தை மூட மனசில்லை. கிளம்புகிற நேரத்தில் டாக்டர் கெட்டியான ஒரு லென்ஸை என் கண்ணில் வைத்துப் பார்த்தார், இந்த மாதிரிக் கண்ணுக்குக் கண்ணாடியைவிட அதுதான் பொருந்துமாம். முதலில் கண்ணீராகக் கொட்டியது. அது நின்றதும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொன்னார். எதிர்க் கட்டிட மொட்டைமாடியில் ஒரு பெண் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டிருந்தது தெரிந்தது. யாரையோ பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் ஒரு முகத்தில் இத்தனை நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பா என்ன பார்க்கிறாய் என்றார், ஒன்றுமில்லை, துணி என்றேன். எனக்கென்று அளவெடுத்த லென்ஸ் நீ விடுமுறைக்கு வருவதற்குள் வந்துவிடும்.

நீ நீடூழி நன்றாக இரு, உன் கையால் வேகிறதெல்லாம் நன்றாக உப்பி வரட்டும், உன் கண்ணுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். கடைசியாக ஒரு நினைவூட்டல். ரயிலை விட்டு இறங்கியதும் பையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடி வந்து என் மேல் விழாதே. உன்னை நான் கையெட்டும் தூரத்தில்தான் தெளிவாகப் பார்த்திருக்கிறேன். நான் பிளாட்பாரத்தின் இந்தக் கோடியில் நிற்பேன், நீ அந்தக் கோடியிலிருந்து மெதுவாக நடந்து வா.

இப்படிக்கு,
காத்திருக்கும் அம்மா