உன் பெயரில் விழும் பாடு

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் காலி மீன்கூடையைக் காலடியில் வைத்திருக்கிறாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய். என் கழுத்தில் மாநாட்டு அட்டை இன்னும் தொங்குகிறது. பார்த்திருந்தால், "இன்னா பாய், மாட்டக் கட்டுன மாதிரி கயிறு கட்டி அனுப்சிக்கிறாங்க?" என்று கேட்டிருப்பாய். கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகிவிட்டது. கேள்.

காலேஜுக்கு இதே பஸ்ஸில்தான் போனோம். நீ பாதியில் நின்று உன் நைனாவின் படகில் ஏறிவிட்டாய். நான் சென்னையில் கம்பெனி வேலைக்குப் போனேன். உங்கள் ஊர்ப் பாடு முறைக்கு ஒரு செயலி செய்யலாம் என்று நச்சரித்தது நீதான். ஏரியில் எந்த இடத்தில் யார், என்றைக்கு வலை விடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. நீ வலையை உதறிக்கொண்டே விளக்கம் சொல்ல, நான் மடிக்கணினியோடு கொசுக்கடியில் உட்கார்ந்து எழுதினேன். முதல் தடவை உன் முறையை அது வேறொருவருக்குக் காட்டிவிட்டது. "ஒன் கம்ப்யூட்டருக்கு என்னப் புடிக்கல பாய்" என்று பக்கத்து ஊரான தோணிரேவு வரைக்கும் போய்ச் சொல்லிச் சிரித்தாய்.

போன மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் உன் படகு கவிழ்ந்தது. காரியம் முடிந்து அடுத்த சீட்டுப் போட்டபோது, உன் பெயரையும் எழுதிப் போட்டார்கள். உங்கள் ஊர் வழக்கம் அது. பிள்ளை வளர்ந்து படகேறும்வரை இறந்தவன் பெயரிலும் பாடு விழும். உன் பங்காளி வலை விடுகிறான். இறால் உன் வீட்டுக்குப் போகிறது. உன் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணே, போன்லயும் அவரு பேரு இருக்கட்டும். அதப் பாத்துதான் பக்கத்து ஊருக்காரங்க எங்கூட்டுப் பாடுனு எடத்த உடுறாங்க."

இன்று மாநாட்டில் நாள் முழுக்க ஒரே பேச்சு, வெளியே கிடக்கும் தகவல்களோடு தானாக இணையும் செயலிகள் பற்றி. எங்கள் கம்பெனி மேடையேற்றியது, பிறகு அவர்களே எடுத்துக்கொண்ட நம் செயலியை. இறப்புப் பதிவுகளைத் தானே தேடி, இல்லாதவர்களை நீக்கிவிடும் புது வசதியாம். மேனேஜர் மைக்கில் பெருமையடிக்க, நான் இணைத்துக் காட்டினேன். பெரிய திரையில் உன் பெயர் சிவப்பாக வந்து நின்றது. 'இவர் இறந்துவிட்டார். நீக்கலாமா?'

ஏசி அறையில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. எதிரே அவ்வளவு கூட்டம். "கிளிக் பண்ணுங்க" என்கிறார் மேனேஜர். இறங்கி ஓடவும் முடியவில்லை, கை நீளவும் மாட்டேன் என்கிறது. இப்படி மாட்டிவிட்டுப் போனாயே என்று உன் மேல்தான் ஆத்திரம் வந்தது. இன்னொரு பொத்தானை அழுத்தினேன். 'தவறான தகவல். உயிரோடு இருக்கிறார்.'

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மேனேஜர்.

"என் ஃபிரெண்டு சார்."

"பாத்தீங்களா, மெஷின் தப்புப் பண்ணாலும் மனுஷன் திருத்திடலாம்!" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள்.

கீழே இறங்கிய பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். இப்படித் திருத்திய பெயர்களை அது லேசில் விடாதாம். மாதாமாதம் திருத்தியவரின் கம்பெனிக் கணக்கிலேயே கேட்குமாம். பதில் வராவிட்டால் தானே நீக்கிவிடுமாம்.

இந்தக் கம்பெனியைப் பற்றி உன்னிடம் எவ்வளவு புலம்பியிருப்பேன். "உட்டுட்டு வா பாய், மூச்சாச்சும் உடு" என்பாய். பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. இங்கே ராஜினாமா கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. நான் போய்விட்டால் அந்த நாற்காலிக்கு வருகிறவனுக்கு நீ யாரென்று தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, வரவில்லை என்று பெங்களூருக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.

உன் பையனுக்கு இப்போதுதான் பால்பல் விழுகிறது. அவன் படகேறும்வரை, மாதம் ஒருமுறை, நீ உயிரோடு இருக்கிறாய் என்று நான் அங்கேயே இருந்து சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.